குளிர் அணு இணைவு: சூடு வந்ததென்றால் சாம்பல் எங்கே?

1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இரண்டு வேதியியலாளர்கள் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு ஒரு சின்னக் கண்ணாடிக் கலத்தைப் பற்றிப் பேசினார்கள். ஸ்டான்லி பான்ஸ் அங்கே வேதியியல் துறைத் தலைவர். மார்ட்டின் ஃபிளெய்ஷ்மன் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து வந்தவர், ராயல் சொசைட்டி உறுப்பினர், மின்வேதியியலில் உலகம் மதித்த பெயர். சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவை அறை வெப்பநிலையில் மேசைமேல் நடத்திவிட்டோம் என்றார்கள். உள்ளே போகும் மின்சாரத்தைப் போல நான்கு மடங்கு வெப்பம் வெளியே வருகிறது என்று அன்று சொல்லப்பட்டது.

அந்தச் செய்தி அப்படிப் பற்றிக்கொண்டதற்குக் காலமும் ஒரு காரணம். செர்னோபில் விபத்து நடந்து மூன்று வருடம்கூட முடியவில்லை. அறிவிப்புக்கு மறுநாளே அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி, கோடிக்கணக்கான லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. ஒரு பக்கம் எண்ணெயில் நனைந்து செத்துக்கிடந்த பறவைகள், இன்னொரு பக்கம் கடல்நீரில் கிடைக்கும் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனை எரிபொருளாக்கும் குடுவை. நம்ப விரும்பியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு டன் கடல்நீரில் சுமார் 33 கிராம் டியூட்டீரியம் இருக்கிறது. அதைச் சுலபமாக இணைக்க முடிந்திருந்தால் எரிசக்திக்காக உலகம் படும் பாட்டில் பெரும்பகுதி அன்றோடு முடிந்திருக்கும்.

இன்றும் அந்த விவாதம் ஓயவில்லை. அறிவியல் உலகம் ஒரு பெரிய கண்டுபிடிப்பை அமுக்கிவிட்டது என்று ஒரு தரப்பு. அது முழு மோசடி என்று இன்னொரு தரப்பு. இரண்டையுமே நான் ஏற்கவில்லை. அந்தக் கலத்தில் என்ன நடந்திருக்க வேண்டும், எதை அளந்தார்கள், எதை அளக்காமல் விட்டார்கள் என்று வரிசையாகப் பார்த்தால், கோளாறு எங்கே என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கலத்தில் இருந்தது கனநீர். சாதாரணத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனுக்குப் பதிலாக, அதைப் போல இரு மடங்கு எடையுள்ள டியூட்டீரியம் உள்ள தண்ணீர். மின்சாரம் கடத்துவதற்காக அதில் கொஞ்சம் லித்தியம் உப்பு. நேர்மின்முனை பிளாட்டினம், எதிர்மின்முனை பல்லேடியம். மின்சாரத்தை விட்டால் கனநீர் பிரிந்து, ஆக்சிஜன் ஒரு பக்கம் குமிழியாக வெளியேறும். டியூட்டீரியம் பல்லேடியத்துக்குள் போய் உட்காரும்.

பல்லேடியத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தன் கொள்ளளவைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும் உலோகம் அது. 1860களில் தாமஸ் கிரஹாம் இதைக் கண்டறிந்ததிலிருந்தே பலருக்கு அதன்மேல் ஒரு கண். 1926இல் பெர்லினில் பனெத், பீட்டர்ஸ் என்ற இருவர், பல்லேடியத்துக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதைக் கண்டதாக அறிவித்தார்கள். பிறகு அவர்களே தங்கள் கருவிகளைத் துருவிப் பார்த்து, அந்த ஹீலியம் கண்ணாடியிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்தது என்று கண்டுபிடித்து, முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அறுபது வருடம் கழித்து நடந்ததை நினைக்கும்போது அந்த இருவரின் நேர்மை எனக்கு மிகப் பெரியதாகத் தெரிகிறது.

சரி, உலோகத்துக்குள் டியூட்டீரியத்தைத் திணித்தால் இணைவு நடந்துவிடுமா? இரண்டு அணுக்கருக்களும் நேர்மின் சுமை உடையவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைத் தாண்டி மிக நெருங்கினால்தான் ஒட்டும். சூரியனின் மையத்தில் 1.5 கோடி டிகிரி வெப்பமும் பயங்கரமான அழுத்தமும் அந்த வேலையைச் செய்கின்றன. பூமியில் அவ்வளவு அழுத்தம் கிடையாது என்பதால் காந்தப்புலத்தால் சூடான வாயுவை அடைத்துவைக்கும் டோகமாக் உலைகளில் 15 கோடி டிகிரி வரை போக வேண்டியிருக்கிறது. பல்லேடியம் டியூட்டீரியத்தை இறுக்கி நசுக்குகிறது என்று பலர் நினைத்தார்கள். உண்மை தலைகீழ். சாதாரண டியூட்டீரிய வாயு மூலக்கூறில் இரண்டு அணுக்கருக்களுக்கு இடையே 0.074 நானோமீட்டர் தூரம். பல்லேடியத்தில் அவை வழக்கமாக உட்காரும் இடங்களுக்கு இடையே ஏறக்குறைய 0.28 நானோமீட்டர். அதாவது உலோகத்துக்குள் போனதும் அவை இன்னும் விலகித்தான் உட்காருகின்றன. வாயு உருளையில் சும்மா இருக்கும் டியூட்டீரியம் இணைவதில்லை என்றால், அதைவிடத் தள்ளி உட்கார்ந்தது ஏன் இணைய வேண்டும்?

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும். வெப்பம் இல்லாமல் இணைவு நடத்துவது முடியவே முடியாத காரியம் இல்லை. எலெக்ட்ரானைப் போலவே சுமையும், அதைவிட 207 மடங்கு எடையும் கொண்ட மியூவான் என்ற துகள் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரானின் இடத்தில் அது போய் உட்கார்ந்தால் மூலக்கூறு சுமார் 200 மடங்கு சுருங்கிவிடும். அப்புறம் இணைவு தானாக நடக்கும். 1956இல் பெர்க்லியில் லூயிஸ் அல்வாரெஸின் குழு இதை நேரிலேயே பார்த்தது. தங்களுக்கு எரிசக்திப் பிரச்சினை தீர்ந்துவிட்டதென்று கொஞ்ச நேரம் அவர்களும் மகிழ்ந்திருக்கிறார்கள். ஆனால் மியூவானின் ஆயுள் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். அதற்குள் ஒரு மியூவான் அதிகபட்சம் 150 இணைவு வரை நடத்தும். அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் அந்த மியூவானை உண்டாக்கச் செலவான ஆற்றலில் பாதி அளவுக்குத்தான் வருகிறது. யாரும் இதை மறுக்கவில்லை, மறைக்கவில்லை, ஒதுக்கவில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ‘குளிர்’ என்ற சொல்லைக் கேட்டதுமே இயற்பியலாளர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று சொல்பவர்கள் மியூவானை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி சாம்பலுக்கு வருவோம். விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சும். எவ்வளவு விறகு எரிந்தது என்பதைச் சாம்பலை வைத்தே ஓரளவு சொல்லலாம். அணுக்கரு இணைவுக்கும் சாம்பல் உண்டு, இன்னும் துல்லியமான கணக்கோடு. இரண்டு டியூட்டீரியம் இணைந்தால் ஏறக்குறைய பாதித் தடவை ஹீலியம்-3உம் ஒரு நியூட்ரானும் வரும். மீதிப் பாதியில் டிரிட்டியம் என்ற, ஹைட்ரஜனின் இன்னும் கனமான கதிரியக்க வகையும் ஒரு புரோட்டானும் வரும். சாதாரண ஹீலியம்-4 வருவது கோடியில் ஒரு தடவை போல மிக அரிது, அப்போதும் கூடவே வலுவான காமா கதிர் கிளம்பும். இதெல்லாம் பல்லாயிரம் தடவை அளந்து பார்த்த விஷயம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்த வினையால் வெறும் ஒரு வாட் வெப்பம் வந்தாலே நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நியூட்ரான்கள் வெளியே பாய வேண்டும். தடுப்புச் சுவர் இல்லாமல் அதன் பக்கத்தில் வேலை பார்ப்பவர் உயிர் பிழைக்க முடியாது. யூட்டாவில் அந்தக் கலத்தின் பக்கத்தில் மாணவர்கள் நாள்கணக்கில் நின்று வேலை பார்த்தார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் நலமாக இருந்ததே அங்கே அந்த அளவு இணைவு நடக்கவில்லை என்பதற்கு மிக எளிய சாட்சி.

ஃபிளெய்ஷ்மனும் பான்ஸும் இதை அறியாதவர்கள் இல்லை. வெப்பத்துக்கு ஈடாக நியூட்ரான் வரவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டு, இதுவரை அறியப்படாத ஏதோ ஓர் அணுக்கரு வினைதான் பெரும்பகுதி வெப்பத்தைத் தருகிறது என்று எழுதினார்கள். அப்படியென்றால் அணுக்கருக்கள் தள்ளலைத் தாண்ட வேண்டும், வழக்கமான இரண்டு பாதைகளையும் விட்டுவிட்டு மூன்றாவதில் போக வேண்டும், அதில் வர வேண்டிய காமா கதிரும் எழாமல் ஆற்றல் முழுவதும் சத்தமில்லாமல் உலோகத்தின் வெப்பமாக மாற வேண்டும். மூன்று அதிசயங்கள் ஒரே குடுவைக்குள், ஒரே நேரத்தில். நியூட்ரான்களுக்கு ஆதாரமாக அவர்கள் காட்டிய காமா கதிர் வரைபடமும் நிற்கவில்லை. அந்த வளைவின் வடிவம் உண்மையான நியூட்ரான்களால் வருவதைப் போல இல்லை என்பதை எம்ஐடி குழு எடுத்துக்காட்டியது.

ஆக, மிஞ்சியது வெப்பம் மட்டும். நெருப்பில்லாமல் புகையாது என்போம். அந்த வெப்பமாவது நிச்சயமாக இருந்ததா? இங்கேதான் கொஞ்சம் நின்று, கலத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு கலத்தில் 5 வோல்ட் அழுத்தத்தில் 1 ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவது 5 வாட். இது முழுவதும் வெப்பமாகாது. கனநீரை டியூட்டீரியமாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கவே ஆம்பியருக்கு 1.54 வாட் செலவாகிறது. அந்த ஆற்றல் வாயுக்களோடு மேலே போய்விடும். அதனால் கலத்தில் எதிர்பார்க்க வேண்டிய வெப்பம் 3.46 வாட். வெப்பமானி அதற்கு மேல் காட்டினால் அதுதான் ‘உபரி வெப்பம்’. இப்போது அந்த இரண்டு வாயுக்களில் ஒரு பகுதி வெளியே போகாமல் கலத்துக்குள்ளேயே மறுபடி சேர்ந்து தண்ணீரானால்? செலவாகிவிட்டதாகக் கழித்த 1.54 வாட்டில் ஒரு பங்கு வெப்பமாகத் திரும்பிவிடும். அணுக்கருவுக்கு இதில் வேலையே இல்லை, ஆனால் கணக்கில் உபரி என்று விழும். வெப்பமானியை வைத்த இடமும் முக்கியம். திரவத்தைச் சரியாகக் கலக்காவிட்டால் மின்முனைப் பக்கம் ஒரு சூடும் ஓரத்தில் இன்னொரு சூடும் இருக்கும். நேதன் லூயிஸ் தலைமையில் கால்டெக் குழு செய்து பார்த்தபோது, கலக்காத கலத்தில் வெப்பமானியை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறியது. கலக்கிவிட்டுப் பார்த்தபோது உபரி காணாமல் போனது.

இதோடு ஒப்பீட்டுச் சோதனை ஒன்றும் வேண்டும். அதே கலத்தில் கனநீருக்குப் பதில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதிலும் அதே உபரி வந்தால், காரணம் டியூட்டீரியம் இணைவது இல்லை என்று உடனே தெரிந்துவிடும். சமையலில் உப்பு பார்ப்பது போல அடிப்படையான வேலை இது. அந்த ஒப்பீட்டை முதல் கட்டுரையிலேயே தெளிவாக வைத்திருந்தால், அதன்பின் வந்த வாரங்களின் குழப்பத்தில் பாதி இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

அந்த வாரங்களில் உலகமெங்கும் ஆய்வகங்கள் கிடைத்த பல்லேடியத்தை வாங்கிக்கொண்டு சோதனையில் இறங்கின. ட்ராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் பல குழுக்கள் இறங்கி, நியூட்ரானும் டிரிட்டியமும் கண்டதாக அறிக்கை தந்தன. ஏப்ரல் 10 அன்று ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் நியூட்ரான்களைக் கண்டதாக அறிவித்தார்கள். மூன்றே நாளில், தங்கள் நியூட்ரான் கருவி வெப்பம் பட்டாலே எண்ணத் தொடங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்து, அறிவிப்பை வாபஸ் வாங்கினார்கள். ஏப்ரல் 12 அன்று டாலஸில் ஆயிரக்கணக்கான வேதியியலாளர்கள் கூடிய அரங்கில் பான்ஸ் பேசியபோது கைதட்டல் அதிர்ந்தது. மே 1 அன்று பால்டிமோரில் இயற்பியலாளர்கள் கூடியபோது கால்டெக்கின் லூயிஸும் ஸ்டீவன் கூனினும் வரிசையாக அளவுகளை வைத்தார்கள், காற்று திசை மாறியது. ஃபிளெய்ஷ்மனுக்கு நெருக்கமான தொடர்பு இருந்த இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகமே மிகக் கவனமாகச் செய்து பார்த்து, ஒன்றும் இல்லை என்றது. நவம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறையின் குழுவும் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. யூட்டா மாநிலம் 50 லட்சம் டாலர் ஒதுக்கித் தொடங்கிய தேசியக் குளிர் இணைவு நிறுவனம் 1991இல் மூடப்பட்டது.

அமுக்கிவிட்டார்கள் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாததற்கு அப்புறம் நடந்தவைதான் காரணம். ஃபிளெய்ஷ்மனுக்கும் பான்ஸுக்கும் டொயோட்டாவோடு தொடர்புடைய ஒரு நிறுவனம் பிரான்ஸில் ஆய்வகம் அமைத்துக் கொடுத்தது, அது 1998 வரை நடந்தது. ஜப்பான் அரசு தனித் திட்டமே வைத்துச் சில வருடங்கள் செலவழித்தது. கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ ஆய்வகத்தில் 1992 ஜனவரியில் ஒரு கலம் வெடித்து ஓர் ஆய்வாளர் உயிரையே இழந்தார். உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள் இருந்த துறை இது. 2004இல் அமெரிக்க எரிசக்தித் துறை மறுபடியும் ஒரு குழுவை வைத்துப் பார்த்தது, முடிவு பெரிதாக மாறவில்லை. 2015இல் கூகுள் நிறுவனம் சுமார் ஒரு கோடி டாலர் கொடுத்து, பல பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த முப்பது பேரளவில் ஒரு குழுவை அமர்த்தியது. அவர்கள் வெப்பமானியின் கோளாறுகளையெல்லாம் களைந்து, பல்லேடியத்தில் டியூட்டீரியத்தை முடிந்தவரை அடைத்துப் பார்த்தார்கள். 2019இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அவர்களுடைய கட்டுரையின்படி, குளிர் இணைவுக்கான அறிகுறி எதுவும் கிடைக்கவில்லை. முப்பது வருடத்தில் கேட்டவர்களுக்குக் காசும் காதும் கிடைத்தன. கிடைக்காதது ஒன்றுதான்: யார் செய்தாலும், எங்கே செய்தாலும் மறுபடி வரக்கூடிய ஒரு சோதனை.

பான்ஸையும் ஃபிளெய்ஷ்மனையும் மோசடிக்காரர்கள் என்று சொல்வதும் தவறு. அவர்கள் கண்டதை நம்பினார்கள். பக்கத்து பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஜோன்ஸ் இதே திசையில் வேலை செய்துகொண்டிருந்தார், யார் முதலில் என்ற பதற்றம் இருந்தது. கட்டுரையும் அச்சாகவில்லை, மற்றவர்கள் சரிபார்க்கவும் இல்லை, அதற்குள் கேமரா முன்னால் போய் நின்றதுதான் பிழை. அதன் பிறகு தங்கள் கையிலிருந்த சந்தேகங்களைத் தாங்களே முதலில் எழுப்பும் சுதந்திரம் அவர்களுக்கு இல்லாமல் போனது. 2011இல் இத்தாலியில் ஆண்ட்ரியா ரோசி, இதே போல வெப்பம் தருவதாகச் சொல்லிக் காட்டிய ‘ஈ-கேட்’ பெட்டி போன்றவை வேறு ரகம். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து காட்டாத பெட்டியைப் பற்றி அறிவியல் பேச எதுவுமில்லை.

ஆதரவாளர்களின் ஒரு கேள்விக்கு மட்டும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வெப்ப இணைவுக்கு எழுபது வருடமாகக் கோடிகோடியாகக் கொட்டினீர்களே, அங்கே மட்டும் என்ன வந்தது என்கிறார்கள். மின்சாரம் வரவில்லை, உண்மைதான். ஆனால் அங்கே சாம்பல் கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் இருந்த ஜெட் (JET) என்ற டோகமாக் உலை 1997இல் 16 மெகாவாட் உச்சத்தைத் தொட்டது, தன் கடைசிச் சோதனைகளில் 2023இல் ஐந்து நொடியில் 69 மெகாஜூல் தந்தது. 2022 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் பாய்ந்து, 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் வந்தது. நியூட்ரான்களை எண்ணித்தான் அதைச் சொன்னார்கள். அதே மூச்சில், அந்த லேசரை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து சுமார் 300 மெகாஜூல் எடுக்கப்பட்டது என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். மின்நிலையத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதை அந்த ஒரு எண்ணிலிருந்தே எவரும் கணக்கிடலாம்.

தூரம் அதிகம்தான். பிரான்ஸின் கடராஷில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஈட்டர் (ITER) உலை 50 மெகாவாட் வெப்பம் கொடுத்து 500 மெகாவாட் எடுப்பதற்காகத் திட்டமிடப்பட்டது. 2024இல் வெளியான புதிய அட்டவணைப்படி அங்கே டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேர்ந்து எரிவது 2039இல்தான். டிரிட்டியமே ஒரு தலைவலி. அதன் அரை ஆயுள் 12.3 வருடம், இயற்கையில் கிடைப்பது சொற்பம். உலையைச் சுற்றி லித்தியப் போர்வை அமைத்து, வெளியே பாயும் நியூட்ரான்களைக் கொண்டே புதிய டிரிட்டியத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மின்நிலையத்துக்குத் தேவையான அளவில் அதை இதுவரை யாரும் செய்து காட்டவில்லை. தனியார் நிறுவனங்கள் இன்னும் சீக்கிரம் முடிப்போம் என்கின்றன. முடித்தால் நல்லது, ஆனால் அதை நம்பி இன்று ஒரு நிலக்கரி உலையைக்கூட நிறுத்த முடியாது.

இதற்கிடையில் எரிசக்தியின் எதிர்காலம் யாரும் மேடை போட்டு அறிவிக்காத இடத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது. 2010இலிருந்து பத்து வருடத்தில் சூரியத் தகடுகளின் விலையும் லித்தியம் பேட்டரிகளின் விலையும் ஏறத்தாழ 90 சதவீதம் இறங்கின. 2024இல் உலக மின்சாரத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் சூரிய ஒளியிலிருந்தும், 8 சதவீதம் காற்றிலிருந்தும் வந்தது. நீர்மின்சாரத்தையும் அணுமின்சாரத்தையும் சேர்த்தால் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிக்காத மின்சாரம் 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சூரியத் தகடு ஒவ்வொன்றும் தருவது கொஞ்சம்தான், ராத்திரியில் அதுவும் கிடையாது. ஆனால் ஒரு தொழிற்சாலையில் செய்த தகடு எந்த ஊரின் வெயிலிலும் சொன்னபடி வேலை செய்கிறது. குளிர் இணைவுக் கலம் தன் சொந்த மேசையிலேயே ஒரு நாள் சூடானது, மறுநாள் ஆகவில்லை. இந்த வித்தியாசம்தான் ஒன்றை ஆலையாக வளரவைத்தது, இன்னொன்றை விவாதமாகவே நிறுத்திவைத்தது. இராத்திரிக்கு மின்சாரத்தைச் சேமிப்பது, தொலைதூரக் கம்பிகள், எஃகு, சிமெண்ட் ஆலைகளுக்கான உயர்வெப்பம் எல்லாம் இன்னும் தீராத கடினமான வேலைகள். ஆய்வுக்காசும் இளைஞர்களின் உழைப்பும் முதலில் அங்கே போக வேண்டும் என்பதே என் விருப்பம்.

அதற்காக உலோகத்துக்குள் டியூட்டீரியத்தை வைத்துப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. 2023இல் அமெரிக்க எரிசக்தித் துறையின் ஒரு பிரிவு இந்தக் கேள்விக்குத் தீர்வு காண, எட்டுக் குழுக்களுக்கு மொத்தம் ஒரு கோடி டாலர் ஒதுக்கியது. அளவான தொகை, திறந்த கேள்வி. அப்படித்தான் இருக்க வேண்டும். கூகுள் குழுவில் இருந்த கர்டிஸ் பெர்லிங்கெட் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேலையைத் தொடர்ந்தார். அவருடைய குழு ஒரு பல்லேடியத் தகட்டின் ஒரு பக்கம் டியூட்டீரியத்தை வேகமாகப் பாய்ச்சி, மறுபக்கத்திலிருந்து 1989இல் செய்தது போலவே மின்வேதியியல் மூலம் இன்னும் கொஞ்சம் டியூட்டீரியத்தைத் திணித்தது. திணித்தபோது இணைவு வீதம் சராசரியாக 15 சதவீதம் கூடியது என்று 2025 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார்கள். உள்ளே போன மின்சாரம் 15 வாட். இணைவிலிருந்து வந்த ஆற்றல் ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. வெப்பத்தைப் பற்றி அவர்கள் எந்த உரிமையும் கோரவில்லை, நியூட்ரான்களைத்தான் எண்ணினார்கள்.